கடலில் விழுந்தவர்களுக்குக் கல் எங்கே?

பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் பின்னேரத்தில் போய் நின்றால் முகத்துவாரம் தெரியும். ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். போன வருசம் அங்கே ஒரு மீன்பிடிக்கிற மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர். நாற்பது வருசத்துக்கு மேல் கடலுக்குப் போகிறவர். கிழக்கே கையைக் காட்டி, "அந்தத் திசையில ஒரு இடம் இருக்கு மனே. வலை போட்டா வலை திரும்பாது. கீழ வெள்ளக்காரண்ட கப்பல் கிடக்கு" என்றார். மீன் நல்லாப் படுமாம். ஆனால் தூண்டில்தான் போடவேண்டும்.

அது என்ன கப்பல் என்று அவருக்குத் தெரியும். "பிளேன் ஏத்துற கப்பல். ஜப்பான்காரன் அடிச்சது." பிறகு கேட்டார்: "அதுக்குள்ள எத்தின பேர் செத்த?"

நான் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். 307 பேர். ஏறத்தாழ எல்லோருடைய பெயரும் கிடைத்தது. வயது, பதவி, சிலருக்குப் பெற்றோரின் பெயர், ஊர் எல்லாம் சேர்த்து. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பெயர்ப் பட்டியலைப் பற்றியது. போரில் வானத்திலிருந்து விழுந்தவர்களையும் கடலில் மூழ்கியவர்களையும் உலகம் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது, எங்கட வாவிக்கரையில் அது எப்படி நடக்கிறது, எப்படி நடக்காமல் போகிறது என்பதைப் பற்றியது.

விமானம் இல்லாத விமானந்தாங்கி

கப்பலின் பெயர் ஹெர்மிஸ். பிரித்தானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். வேறு கப்பலை மாற்றியமைக்காமல், அடிமரம் வைக்கும்போதே விமானந்தாங்கி என்று திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் இதுதான். 1918இல் வேலை தொடங்கி 1924இல்தான் சேவைக்கு வந்தது. அந்த இடைவெளியில் ஜப்பான் தன்னுடைய ஹோஷோ கப்பலை 1922இலேயே கடலில் விட்டுவிட்டது. இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. ஜப்பானியக் கடற்படைக்கு விமானம் ஓட்டவும் கப்பல் தளத்தில் இறக்கவும் பயிற்சி கொடுக்க 1921இல் செம்பில் என்பவர் தலைமையில் ஒரு பிரித்தானியக் குழுதான் ஜப்பானுக்குப் போனது. இருபது வருசம் கழித்து அந்தப் பாடத்தின் பலன் மட்டக்களப்புக் கடலில் தெரிந்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்தது இலங்கைதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா நீர்விமானமொன்று, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பல் தொகுதியைக் கண்டுபிடித்தது. அதை ஓட்டியவர் கனேடிய விமானப்படையின் லெனார்ட் பேர்ச்சல். தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு விழுந்தது அந்த விமானம். பேர்ச்சல் பிடிபட்டு, போர் முடியும்வரை கைதியாக இருந்து, உயிரோடு திரும்பினார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. எங்கட அம்மம்மாமார் "ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்" என்று சொல்வது இதைத்தான்.

ஏப்ரல் 8ஆம் திகதி ஜப்பானியக் கப்பல்கள் கிழக்குப் பக்கம் வருவது தெரிந்ததும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். துறைமுகத்துக்குள் நின்றால் அடி விழும், வெளியே போனால் தப்பலாம் என்பது கணக்கு. ஹெர்மிஸும், அதற்குத் துணையாக அவுஸ்திரேலியக் கடற்படையின் வம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் கரையை ஒட்டித் தெற்கே வந்தன. ஹெர்மிஸில் அன்றைக்கு ஒரு விமானம்கூட இல்லை. விமானங்களைத் தரையில் விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தது.

9ஆம் திகதி, வியாழக்கிழமை, காலையில் திருகோணமலையில் குண்டு விழுந்தது. சீனன்குடா விமானத்தளமும் துறைமுகமும் தாக்கப்பட்டன. தாக்குதல் முடிந்துவிட்டது என்று நினைத்து ஹெர்மிஸ் வடக்கே திரும்பியது. ஆனால் ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலிலிருந்து கிளம்பிய வேவு விமானம் அதற்குள் அதைக் கண்டுவிட்டது. சுமார் 85 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. பத்தரை மணி தாண்டியதும் தாக்குதல் தொடங்கியது. ஏராளமான குண்டுகள் பட்டதாக ஜப்பானிய விமானிகள் கணக்குச் சொன்னார்கள். அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ கப்பலோடு போனார். மற்றொரு விமானந்தாங்கியின் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட உலகின் முதல் விமானந்தாங்கி ஹெர்மிஸ்தான். பக்கத்தில் வம்பயரும் மூழ்கியது. அதில் இறந்தவர்கள் ஒன்பது பேர். அதே காலையில், அதே கிழக்குக் கடலில், ஹொலிஹொக் என்ற சிறிய காவற்கப்பலும் ஐம்பதுக்கு மேற்பட்டோருடன் போனது.

விட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஜப்பானிய விமானிகள் அதைத் தொடவில்லை. தண்ணீரில் கிடந்த ஏறத்தாழ 600 பேரை அது தூக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. சிலர் நீந்திக் கரை சேர்ந்தார்கள்.

இதெல்லாம் நடந்தது கரையிலிருந்து ஐந்து கடல்மைல் அளவு தூரத்தில். பக்கத்திலேதான். சத்தம் கல்லடியிலும் நாவலடியிலும் கேட்டிருக்கும், புகை தெரிந்திருக்கும். சித்திரை வருசப் பிறப்புக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்த நேரம் அது.

யாரும் பேசாத ஒன்பது விமானங்கள்

ஹெர்மிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதே காலை அதே கடலில் வேறொன்றும் நடந்தது.

கொழும்பு ரேஸ்கோர்ஸைத் தெரியும்தானே? இப்போது கடைகளும் விளையாட்டுத் திடலுமாக இருக்கிற இடம். 1942இல் அதை ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து பிரித்தானிய விமானப்படையின் 11ஆவது படையணியைச் சேர்ந்த பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் காலை எட்டரைக்குள் கிளம்பின. துணைக்குச் சண்டை விமானம் ஒன்றும் இல்லை. ஒன்பது பிளெனிம்கள் ஜப்பானியக் கப்பல் தொகுதியைத் தேடிக் கண்டுபிடித்து, பதினோராயிரம் அடி உயரத்திலிருந்து குண்டு போட்டன. ஜப்பானியர்கள் எதிர்பார்க்கவேயில்லை. அவர்களின் தலைமைக் கப்பலான அக்காகியைச் சுற்றித் தண்ணீர் எழும்பியது. ஒரு குண்டும் படவில்லை.

அதற்குப் பிறகு ஸீரோ விமானங்கள் பிளெனிம்களைப் பிடித்தன. நான்கு அங்கேயே விழுந்தன. தப்பிக் கரைக்குத் திரும்பியவற்றில் இன்னொன்றை, ஹெர்மிஸை மூழ்கடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஜப்பானிய விமானங்கள் நடுவழியில் சந்தித்துச் சுட்டு விழுத்தின. ஒரு பிளெனிமில் மூன்று பேர். ஐந்து விமானம். கணக்கு நீங்களே போடலாம்.

இவர்கள் மட்டுமில்லை. அன்று விடியற்காலை ஜப்பானியக் கப்பல்களை மறுபடியும் கண்டுபிடித்த இன்னொரு கட்டலினாவும் திரும்பி வரவில்லை. பேர்ச்சலுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அந்தக் குழுவில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஹெர்மிஸைக் காப்பாற்ற அனுப்பப்பட்ட ஃபுல்மார் விமானங்கள் பிந்தி வந்தன. அவற்றில் இரண்டு விழுந்தன. சீனன்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன்களிலும் விழுந்தவை உண்டு. ஜப்பானியர் பக்கத்திலும் விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் ஒன்று சீனன்குடாவின் பெரிய எண்ணெய்க்குதமொன்றில் போய் மோதியதாகத் திருகோணமலையில் சொல்வார்கள். உருகி வளைந்த அந்தக் குதத்தின் இரும்பு இன்னும் அங்கே நிற்கிறது.

ஆக, 1942 ஏப்ரல் 9 ஒரே நாளில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நேரே உள்ள இந்தக் கடலில் ஆங்கிலேயர், கனேடியர், அவுஸ்திரேலியர், ஜப்பானியர் என்று எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் விழுந்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். இந்தப் பதிவை வாசிக்கிற உங்களில் பலருடைய வயது.

மலையில் விழுந்தால் ஒரு இடம் இருக்கும்

விமானம் மலையில் விழுந்தால் எச்சம் இருக்கும். இறக்கையின் துண்டு, இயந்திரம், சில்லு. காடு மூடினாலும் ஒருநாள் வேட்டைக்குப் போகிறவனோ விறகு வெட்டப் போகிறவனோ காண்பான். அந்த இடத்தில் ஒரு கல் நடலாம்.

ஹெர்மிஸ் மூழ்குவதற்குச் சரியாக ஒரு நாள் முன்னர், 1942 ஏப்ரல் 8ஆம் திகதி, அசாமிலிருந்து இமயமலைக்கு மேலாகச் சீனாவின் குன்மிங்குக்கு அமெரிக்க விமானங்கள் பறக்கத் தொடங்கின. பர்மா வீதியை ஜப்பான் மறித்த பிறகு சீனாவுக்குப் பொருள் அனுப்ப வேறு வழி இருக்கவில்லை. விமானிகள் அந்த மலைத்தொடரை 'ஹம்ப்' என்றார்கள்; ஒட்டகத்தின் திமில் மாதிரி. போர் முடிவதற்குள் ஏறத்தாழ அறுநூறு விமானங்கள் அந்தப் பாதையில் தொலைந்தன. எதிரி சுட்டதைவிடக் காற்றும் பனியும் முகிலும்தான் கூட விழுத்தின. அருணாச்சலப் பிரதேசத்தின் மலைக்காடுகளில் அவற்றின் துண்டுகளை அந்த ஊர்ப் பழங்குடி மக்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டுகொண்டிருந்தார்கள். 2023 நவம்பரில் பாசிகாட் நகரில் அந்தத் துண்டுகளை வைத்தே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

எங்கட நாட்டிலும் மலையில் விழுந்த விமானத்துக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. போர் விமானம் அல்ல. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போனவர்களை ஏற்றிவந்த டச்சு விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னிமார் மலையில் மோதியது. 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. கீழே தோட்டத்தில் லயத்தில் இருந்த மலையகத் தமிழர்கள்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவர்கள். அந்தப் பக்கம் போனால் நினைவுக்கல் இருக்கிறது. நோர்ட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் ரயர் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ரயரைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை "இது என்ன?" என்று கேட்கும். யாரோ பதில் சொல்லுவார்கள். நினைவு நீடிக்கிறது என்றால் இப்படித்தான்.

கடலில் விழுந்தால் இது ஒன்றும் இல்லை. விறகுக்குப் போகிறவர் காணமாட்டார். ரயரைத் தூக்கிச் சந்தியில் வைக்க ஏலாது. ஹெர்மிஸாவது பெரிய இரும்பு. சுமார் ஐம்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, வலை கிழிந்து மீனவருக்குத் தெரியவருகிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். மெல்லிய தகரத்தால் செய்த பிளெனிமுக்கு அதுவும் இல்லை.

இடம் இல்லாவிட்டால் பெயர்

இதற்குப் பிரித்தானியர் கண்ட வழி என்னவென்று பார்ப்பம். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917இல், ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியில் போர்க் கல்லறைகளுக்கென ஒரு ஆணையம் அமைத்தார்கள். இன்றைக்குப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் என்று அதற்குப் பெயர். திருகோணமலையில் நிலாவெளி வீதியில் வரிசை வரிசையாக வெள்ளைக்கல் நட்ட மயானம் இருக்கிறதே, அதைப் பராமரிப்பதும் அவர்கள்தான். அவர்களின் அடிப்படைக் கொள்கை இது: தளபதியும் சிப்பாயும் ஒன்று, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர். உடல் கிடைத்தால் கல்லறை. உடல் கிடைக்காவிட்டால் ஒரு சுவரில் பெயர்.

அப்படித்தான் மட்டக்களப்புக் கடலில் இறந்தவர்களின் பெயர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கப்பலில் இருந்தவர்களின் பெயர்களை இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் உள்ள கடற்படை நினைவுத்தூண்களில் தேடவேண்டும். பிளிமத் தூண் அவற்றில் ஒன்று. வம்பயரின் அவுஸ்திரேலியர்களும் அதில்தான் இருக்கிறார்கள். அந்தத் தூண்களை உயரமாக, கடலிலிருந்து வருகிற கப்பலுக்கு அடையாளமாகத் தெரியும்படி கட்டினார்கள். கடற்படை விமானிகளுக்கு லீ-ஒன்-சொலன்ட் என்ற ஊரில் தனி நினைவிடம்.

உடல் கிடைக்காத விமானப்படைக்காரரின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சியில். 1957 மார்ச்சில் திறந்த அந்த நினைவிடத்தின் கூரை விமான இறக்கை மாதிரி இருக்கும். கீழே தூண் தூணாக 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சிங்கப்பூருக்குப் போகிற எங்கட ஆட்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். மலாயாவில் இறந்த இந்தியப் படையினரின் பெயர்களும் அங்கே இருப்பதால் நடந்து போகும்போது தமிழ்ப் பெயர்கள் கண்ணில் படும். அதே சுவர்களில்தான் 11ஆவது படையணியின் பிளெனிம்காரரும் இருக்கிறார்கள். மட்டக்களப்புக் கடலில் இறந்தவனின் பெயரை வாசிக்க ஆயிரக்கணக்கான மைல் தள்ளிச் சிங்கப்பூருக்குப் போகவேண்டும். ஆனால் போனால் இருக்கிறது. அது பெரிய விசயம்.

இதைச் சொல்லிவிட்டு, ஆகா வெள்ளைக்காரன் எவ்வளவு ஒழுங்கு என்று கைதட்டிவிட்டுப் போக ஏலாது. 'ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்' என்ற கொள்கை எல்லோருக்கும் பொருந்தவில்லை. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதலாம் உலகப் போரில் இறந்த இந்தியர்கள், ஆபிரிக்கர்கள், எகிப்தியர்கள் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 116,000 பேர் பெயரே இல்லாமல், அல்லது ஒரு நினைவும் இல்லாமல் விடப்பட்டார்கள். காரணமாக அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதிவைத்தது, அந்த மக்கள் இப்படியான கல்லறையை விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்ற தோரணையில். இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்த இந்தியக் கடற்படைக்காரர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் இல்லை. ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டு, மும்பாயில் ஒரு பிரதியும் சிட்டகொங்கில் ஒரு பிரதியுமாக வைக்கப்பட்டிருக்கின்றன.

அதாவது, பெயர் எழுதுவது தானாக நடக்கிற காரியம் அல்ல. யாரோ ஒருவர் பட்டியல் வைத்திருக்கவேண்டும். யாரோ ஒருவர் குடும்பத்தைத் தேடிப்போய்ச் சரிபார்க்கவேண்டும். யாருடைய பெயர் முக்கியம் என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தில் அரசியல் இருக்கிறது.

இரணைதீவுக் கடல்

கடலில் விழுந்த விமானம் என்றால் எங்கட தலைமுறைக்கு இன்னும் கிட்டிய கதை ஒன்று இருக்கிறது. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்ப் பக்கம் கடலில் விழுந்தது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். பயணிகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். தரைப்பாதை மூடிக்கிடந்த காலத்தில் கொழும்புக்கு அலுவலாகப் போனவர்கள். விடுதலைப் புலிகள் சுட்டு விழுத்தினார்கள் என்றே குற்றஞ்சாட்டப்பட்டது. உடல் இல்லை, விமானம் இல்லை. குடும்பங்கள் பதினான்கு வருசம் காத்திருந்தன. சிலர் கடைசிவரைக்கும் எங்கேயாவது பிடித்து வைத்திருப்பார்கள் என்று நம்பினார்கள்.

2012இல்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் விமானத்தின் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். மீட்கப்பட்ட உடுப்புகளை 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்து, உறவினர்களை வந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினைந்து வருசத்துக்கு முன் அம்மா எந்தச் சேலை கட்டிக்கொண்டு போனா என்று ஒரு பிள்ளை நினைத்துப் பார்க்கவேண்டும். ஹெர்மிஸில் இறந்தவனின் தாய்க்குக் கொஞ்ச நாளில் தந்தி போயிருக்கும். இரண்டு கடலும் ஒன்றுதான். இரண்டு அரசும் ஒன்றில்லை.

எங்கட பட்டியல்

முகத்துவாரத்து மாமாவிடம் திரும்பி வருகிறேன். அன்றைக்கு அவர் கைத்தொலைபேசியில் பெயர்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார் என்று சொன்னேன்தானே. வீட்டுக்கு வரும் வழியில்தான் வாய் திறந்தார். "தொண்ணூறில எங்கட அண்ணனும் போனவர். ஒரு கடுதாசியிலயும் அவர்ர பேர் இல்ல மனே."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. தொண்ணூறு என்றால் என்னவென்று இந்த வாவிக்கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

1942இல் ஹெர்மிஸில் இறந்தவர்கள் 307 பேர் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதற்கு நாற்பத்தெட்டு வருசம் பிந்தி நடந்தவற்றுக்கு அப்படிச் சொல்ல முடிகிறதா? 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேல் என்பது எல்லோருக்கும் தெரியும். சரியான எண் ஓரிடத்தில் 103, இன்னோரிடத்தில் 147. அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயல் கிராமங்களிலும் இருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பவில்லை. குழந்தைகளும் கிழவர்களும் சேர்த்து 180க்கும் மேற்பட்டோர். இதற்கும் ஆளுக்கொரு எண். ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது, அறிக்கை எழுதியது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் இருக்கிறார்கள். மாவடிமுன்மாரியிலும் தரவையிலும் இருந்த துயிலும் இல்லங்களில் கல்லே இருந்தது, பெயரோடு. போருக்குப் பிறகு அந்தக் கல்லை இல்லாமல் ஆக்கினார்கள். அங்கே கிடந்தவர்களின் அரசியலோடு உங்களுக்கு எனக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். ஒரு தாய் போய் நின்று அழுகிற இடம் அது.

ஐந்து கடல்மைல் தள்ளி மூழ்கிய வெளிநாட்டுக்காரனின் பெயரை எண்பது வருசம் கழித்து ஒரு நிமிசத்தில் எடுக்க முடிகிறது. வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செத்த எங்கட ஆட்களின் பெயரை எடுக்க முடியவில்லை. அந்தக் கப்பல்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கவேண்டியது. ஏன் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்குப் பதில் மேலேயே இருக்கிறது: பட்டியல் வைத்திருக்க ஒரு அலுவலகம் வேண்டும், அல்லது பட்டியல் எழுதப் பயப்படாத மனிதர் வேண்டும். கப்பலில் ஏறும்போதே ஒவ்வொருவன் பெயரும் ஏட்டில் இருந்தது. எங்கட ஊரில் பெயரைச் சொன்னால் பிரச்சினை வரும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்தப் பெயரைத் தெரிந்த அம்மம்மாமாரும் ஒவ்வொருவராகப் போகிறார்கள்.

இன்னொன்று. தமிழர் தமிழருடைய பட்டியலை மட்டும், முஸ்லிம்கள் முஸ்லிம்களுடைய பட்டியலை மட்டும் வைத்திருக்கிறோம். காத்தான்குடிப் பள்ளிவாசலுக்குள் கால் வைத்த தமிழ்ப் பெடியன் எத்தனை பேர்? சத்துருக்கொண்டான் தூபிக்குப் போன காத்தான்குடிப் பெடியன் எத்தனை பேர்? நானே முதல் தடவை போனது இருபத்து மூன்று வயதில். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை. நிலாவெளி வீதி மயானத்தில் எல்லா மதக்காரரும் ஒரே உயரக் கல்லின் கீழ் கிடக்கிறார்கள். அதைக் கட்டியது ஒரு பேரரசு; அதன் கணக்கில் எங்களைச் சேர்க்காமல் விட்ட பேரரசு. இருந்தாலும் அந்தக் கல்லின் உயரத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கல் நடக் காசும் இல்லை, அனுமதியும் கிடைக்காது. ஆனால் ஒரு கொப்பி இருக்கிறது. மும்பாயிலும் சிட்டகொங்கிலும் உள்ள புத்தகத்தை மேலே குறையாகச் சொன்னேன். ஒன்றுமில்லாத இடத்தில் புத்தகமும் பெரிது. வீட்டில் மூத்த ஆள் யாராவது இருந்தால் இந்த வருசப் பிறப்புக்குள் இருந்து கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், கடைசியாக யார் எங்கே கண்டது. யார் கொன்றார்கள் என்பது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள், ஊகித்து எழுதவேண்டாம். ஒரு பெயரை இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

நான் முகத்துவாரத்து மாமாவிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். அவருடைய அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாவியில் இறால் பிடிக்கிறவர். என் கொப்பியில் முதலாவது பெயர் அவருடையது. குடும்பம் சம்மதித்தால் ஒருநாள் இங்கேயும் எழுதுவேன்.

ஏப்ரல் 9ஆம் திகதி பின்னேரம் வெளிச்சவீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். விருப்பமானவர்கள் வரலாம். ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை, கொப்பியைத் தவிர.